மெத எலயில் ஓடுவது யாருடைய நீர்?

கண்டி வாவியின் மிகைநீரைச் சுமந்து, நகரின் நடுவே நடந்து, கெட்டம்பையில் மகாவலி கங்கையோடு கலக்கும் மெத எலயைக் கால்வாய் என்று அழைப்போர் இன்று சிலர். சாக்கடை என்று அழைப்போர் பலர். ஒரு நீரோட்டத்தின் பெயர் மாறும்பொழுது அதன் மீதுள்ள உரிமையும் மாறிவிடுகிறது. கால்வாய் என்றால் அஃது எல்லோர்க்கும் பொது. அதில் எதனை இடலாம், எதனை இடலாகாது என்று கேட்க எவர்க்கும் உரிமையுண்டு. சாக்கடை என்றாகிவிட்டாலோ அதனை மூடிவிடலாம். இரு பக்கமும் சுவரெழுப்பி ஒடுக்கிவிடலாம். அதன் ஓரத்தே குடியிருக்கும் ஏழைகளை அப்புறப்படுத்திவிடலாம். அதில் எஞ்சியிருக்கும் உயிர்களை அடித்துத் துரத்திவிடலாம். கேட்பார் எவருமிலர்.

கால்வாயில் வாழும் உயிர்களைப் பற்றி அரசியல் வார ஏடொன்று எழுதுவானேன் என்று வாசகர் சிலர் வினவக்கூடும். மலைநாட்டிலே எம்மவர் இன்னும் லயன் அறைகளில் வாழ்கின்றனர். தோட்டத் தொழிலாளியின் நாட்கூலி இன்னும் தீராத வழக்காகவே கிடக்கின்றது. இந்த நிலையில் நீர்நாய்க்கும் மீன்கொத்திக்கும் பரிந்து பேசுவது வேலையற்றோர் பேச்சன்றோ என்பது அவர்தம் வினா. நேர்மையான வினாவே. ஆகவே நேராகவே விடை கூறுவோம். பொதுச் சொத்தொன்றின் கதியைத் தீர்மானிப்பவர் யார் என்ற கேள்வியே அரசியலின் முதற் கேள்வி. தம் வாசலில் ஓடும் நீரைக் குறித்து வாய் திறக்கப் பழகாத மக்கள், தம் வீட்டைக் குறித்தும் கூலியைக் குறித்தும் ஒரு நாள் வாய் திறக்கும்பொழுது, அந்தக் குரலுக்குச் செவிசாய்க்கும் வழக்கம் அதிகாரிகளுக்கும் இராது. இதனை விளக்குவதற்குக் கடல் கடந்த ஊர்கள் சிலவற்றில் நடந்ததை முதலிற் கூறுவோம்.

ஓர் ஓடையும் ஒரு சோடிப் பிராணிகளும்

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் மார்ட்டினேஸ் என்றொரு சிறு நகரம் உண்டு. இயற்கையைக் காக்கவேண்டும் என்று அந்த நாட்டுக்கு எடுத்துச் சொன்னோருள் முதல்வராகக் கருதப்படும் ஜோன் மியூர் வாழ்ந்த ஊர் அது. அதன் கடைவீதியை ஒட்டி, புகையிரத நிலையத்துக்கு அண்மையில், அல்ஹாம்பிரா ஓடை ஓடுகின்றது. 2007ஆம் ஆண்டளவில் பீவர் என்னும் பிராணிகள் ஒரு சோடி அந்த ஓடைக்கு வந்து சேர்ந்தன. எமது நாட்டில் இல்லாத பிராணி அது. எலி, அணில் ஆகியவற்றின் வகுப்பைச் சேர்ந்தது, ஆனால் உடல் பருத்தது, தட்டையான வாலுடையது, நீரிலே வாழ்வது. மரங்களைப் பல்லாற் கொறித்து வீழ்த்தி, கிளைகளையும் சேற்றையும் அடுக்கி, ஓடைக்குக் குறுக்கே அணை கட்டித் தன் வீட்டைச் சுற்றி நீரைத் தேக்கிக்கொள்வது அதன் இயல்பு.

அணை எழுந்தது, அச்சமும் எழுந்தது. அந்த ஊர் முன்னரே வெள்ளத்தால் அல்லற்பட்ட ஊர். ஓடை கரைபுரளாதிருக்கப் பெரும்பணம் செலவிட்டு வேலைகள் செய்திருந்தனர். ஆகவே, மாரி தொடங்குமுன் அந்தப் பிராணிகளைக் கொன்று அகற்றிவிடுவதே வழியென நகர நிர்வாகம் எண்ணிற்று. செய்தி வெளிவந்ததும் ஊர் திரண்டது. 2007 நவம்பரில் நடந்த நகரசபைக் கூட்டத்துக்குச் சுமார் 200 பேர் வந்தனர். பேசியோரிற் பெரும்பாலோர் கேட்டது ஒன்றே: பிராணிகளை விட்டுவிடுங்கள், வெள்ளத்துக்கு வேறு வழி காணுங்கள்.

அந்த மக்கள் இரக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு சபைக்குச் செல்லவில்லை; பரிகாரத்தையும் கையோடு எடுத்துச் சென்றனர். அணைக்கூடாக ஒரு குழாயைச் செலுத்தி, அதன் மேல்முனையைத் தேக்கத்தின் நடுவே கம்பிக்கூட்டுக்குள் அமிழ்த்திவிட்டால், நீர் குறித்த மட்டத்துக்கு மேல் ஏறாது; கசியும் ஒலி பிராணிக்குக் கேளாமையால் அஃது அடைக்க வருவதும் இல்லை. இத்தகைய அமைப்பு ஒன்று, அதில் கைதேர்ந்த வல்லுநர் ஒருவரால் 2008 ஜனவரியில் அங்கே பொருத்தப்பட்டது. அணை நின்றது, ஊரும் மூழ்கவில்லை. தேங்கிய நீரில் மீன்கள் பெருகின. மீனைத் தேடி நீர்நாய்களும் நாரைகளும் வந்தன. கொல்லப்படவிருந்த பிராணிகளின் பெயரால் அந்த ஊர் 2008 முதல் விழாவெடுக்கத் தொடங்கிற்று.

இங்கிலாந்தின் டெவன் மாவட்டத்திலும் இதனை ஒத்த ஒரு வழக்கு எழுந்தது. வேட்டையினால் ஏறத்தாழ 400 ஆண்டுகளுக்கு முன்னரே அந்த நாட்டில் அற்றுப்போன பீவர், ஒட்டர் என்னும் ஆற்றங்கரையில் மீண்டும் குட்டியீன்று வாழ்வது 2014இல் உறுதியாயிற்று. நீர்நாய் என்பதே அந்த ஆற்றுப் பெயரின் பொருள். நோய் பரவக்கூடும் என்று காரணங்காட்டி அவற்றைப் பிடித்து அகற்ற அரசாங்கம் முனைந்தது. ஊரவர் மறுத்தனர், சுற்றாடல் இயக்கமொன்று நீதிமன்றப் படியேறிற்று. முடிவில் பிராணிகள் பரிசோதிக்கப்பட்டு, நோயற்றவையெனக் காணப்பட்டு, 2015இல் ஐந்தாண்டுச் சோதனைக்காலத்துக்கு அனுமதிக்கப்பட்டன. அந்தக் காலம் முடிந்த 2020ஆம் ஆண்டில், அவை அங்கேயே நிலைத்து வாழலாம் என அரசாங்கமே அறிவித்தது. அகற்றவேண்டும் என்று கூறிய அதே அரசாங்கந்தான்!

மூன்றாவது சான்று எம்மவர்க்கு இன்னும் நெருக்கமானது. இலண்டன் மாநகரின் ஈலிங் பகுதியை அறியாத இலங்கைத் தமிழ்க் குடும்பங்கள் சிலவே. கனகதுர்க்கை அம்மன் ஆலயம் அங்கேதான் உள்ளது. அந்த ஈலிங்கைச் சேர்ந்த கிரீன்ஃபோர்ட்டில் 2023 ஒக்டோபரில் பீவர்க் குடும்பம் ஒன்றைக் கொண்டுவந்து விட்டனர். மழை பெய்தால் கிரீன்ஃபோர்ட் புகையிரத நிலையமும் சுற்றுப்புறமும் நீரில் நிற்பது வழக்கம். மேற்புறத்து ஓடையிலே அந்தப் பிராணிகள் நீரைத் தேக்கி வைத்து மெல்ல மெல்ல விடுமாயின் வெள்ளத்தின் வேகம் தணியும் என்பதும் அந்த முயற்சியின் நோக்கங்களுள் ஒன்று. மார்ட்டினேஸில் வெள்ளத்துக்குக் காரணம் என்று குற்றஞ்சாட்டப்பட்ட பிராணியை, பதினாறு ஆண்டுகளுக்குப் பின்னர் மற்றொரு நகரம் வெள்ளத்துக்கு மருந்தென்று அழைத்து வந்திருக்கின்றது. கண்டிப் புகையிரத நிலையத்தருகே மழைக்காலத்தில் முழங்காலளவு நீரில் நடந்தவர்கள் இதனைச் சற்றே சிந்திப்பார்களாக.

எமது நாட்டுச் சட்டம் என்ன கூறுகின்றது?

எமது நாட்டில் பீவர் இல்லை. பீவரைக் கொண்டுவரவேண்டும் என்று கூறுவாரும் இல்லை. ஆனால் நீர்நாய் உண்டு. இலங்கையில் வாழும் நீர்நாய் இனம் ஒன்றே. ஆறுகளிலும் குளங்களிலும் மலைநாட்டு ஓடைகளிலும் மீனும் நண்டும் பிடித்துண்டு இரவிலே நடமாடும் அதனைச் சிங்கள மக்கள் தியபல்லா என்பர். மீன்பிடிப் பூனையும் உண்டு. கொழும்பு நகரைச் சூழ்ந்த சதுப்பு நிலங்களில் அது வாழ்வதையும், வீட்டுக் கூரைகளுக்கும் மதில்களுக்கும் இடையே இரவில் அது நடமாடுவதையும் ஆய்வாளர் பதிவு செய்துள்ளனர். அந்தச் சதுப்பு நிலங்களின் பொருட்டே 2018இல் கொழும்பு, ராம்சார் உடன்படிக்கையின் கீழ் ஈரநில நகரமென்னும் ஏற்பினைப் பெற்றது. கண்டி வாவியிலும் அதன் கரை மரங்களிலும் நீர்க்காகங்களையும் கொக்குகளையும் கூழைக்கடாக்களையும் ஆமைகளையும் கபரகொய்யாக்களையும் காண்பதற்கு ஆய்வாளர் எவரும் வேண்டுவதில்லை. வாவியைச் சுற்றி ஒரு முறை நடந்தாற் போதும்.

சட்டம் இல்லையா? உண்டு. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்கினத் தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும், அதற்கு 2009இல் செய்யப்பட்ட திருத்தமும், நீர்நாயையும் மீன்பிடிப் பூனையையும் பாதுகாக்கின்றன. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டம், நீர்நிலைகளை அசுத்தப்படுத்துவதைத் தடுக்கின்றது. அரசியலமைப்பின் 27(14)ஆம் உறுப்புரை, மக்களின் நன்மைக்காகச் சுற்றாடலைக் காத்துப் பேணி மேம்படுத்துவது அரசின் கடன் என்கின்றது. 28ஆம் உறுப்புரை, இயற்கையைக் காப்பதும் அதன் வளங்களைப் பேணுவதும் ஒவ்வொருவரதும் கடமை என்கின்றது.

ஆயின், இவ்விரு உறுப்புரைகளும் தம்மளவில் எந்த நீதிமன்றிலும் நிறைவேற்றத்தக்கன அல்ல என்று அடுத்துவரும் 29ஆம் உறுப்புரையே கூறிவிடுகின்றது. முன்கையாற் கொடுத்துப் பின்கையால் வாங்கிக்கொள்ளும் சாமர்த்தியம் இது. இருந்தும் அந்தத் தடை மக்களைத் தடுத்து நிறுத்திவிட்டதா? இல்லை. எப்பாவலையிலுள்ள பொசுபேற்று வளத்தை அந்நியக் கம்பெனிக்கு ஒப்படைக்க அரசாங்கம் முயன்றபொழுது, அந்தப் பிரதேசத்துக் குடிமக்கள் தங்கள் அடிப்படை உரிமைகளின் பெயரால் உயர் நீதிமன்றத்தை நாடினர். 2000ஆம் ஆண்டில் வழங்கப்பட்ட அந்தத் தீர்ப்பில், நீதியரசர் அமரசிங்க அவர்கள், நாட்டின் இயற்கை வளங்கள் மக்களுக்காக அரசிடம் ஒப்புவிக்கப்பட்டவை என்னும் கோட்பாட்டை விரிவாக ஆராய்ந்து, சட்டத்தின் முன் சமத்துவம், தொழில் செய்யும் உரிமை, விரும்பிய இடத்தில் வதியும் உரிமை ஆகியன மீறப்படவிருந்தன எனக் கண்டார். சுற்றாடலைக் காக்கும் வழக்கு, மனிதன் தன் மண்ணில் வதியும் உரிமையைக் காக்கும் வழக்காகவே வெற்றி பெற்றது என்பதை வாசகர்கள் மனத்திற் கொள்வார்களாக. இக்கட்டுரையில் நாம் கூறவந்ததன் சாரமும் அதுவே.

2023ஆம் ஆண்டு நிகழ்ச்சியையும் மறக்கலாகாது. ஓரிலட்சம் செங்குரங்குகளைச் சீனாவுக்கு ஏற்றுமதி செய்யும் யோசனையை விவசாய மந்திரி அவ்வாண்டில் வெளியிட்டார். சுற்றாடல் அமைப்புகளும் ஆர்வலர்களும் மேன்முறையீட்டு நீதிமன்றத்தை நாடினர். குரங்குகள் ஏற்றுமதி செய்யப்படமாட்டா என்று அரசாங்கத் தரப்பு நீதிமன்றிலே கூற நேர்ந்தது. அதே வேளையில், குரங்குகளாலும் பன்றிகளாலும் பயிரிழந்த விவசாயியின் துயரம் பொய்யன்று. 2025 மார்ச் 15ஆந் திகதி பயிரழிக்கும் விலங்குகளை நாடெங்கும் ஒரே நேரத்தில் கணக்கிட முற்பட்டதும் அந்தத் துயரத்தின் காரணமாகவே. தென்னையை இழந்தவனிடம் சென்று குரங்கின் அழகைப் பாடுவது எமது நோக்கமன்று. தொல்லை உண்மையாயின் பரிகாரமும் உண்மையாயிருக்க வேண்டும்; கப்பலேற்றிவிடுவது பரிகாரமாகாது என்பதே எமது வாதம்.

வாவியிலிருந்து கெட்டம்பை வரை

இனி எமது நகருக்கு வருவோம். கண்டி வாவி இயற்கையாக அமைந்ததன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், வயல்களாயிருந்த பள்ளத்தை மறித்து, ஸ்ரீ விக்கிரம ராஜசிங்க மன்னன் கட்டுவித்தது. கண்ணுச்சாமி என்னும் இயற்பெயருடைய அந்த நாயக்க வமிசத்து மன்னன், 1815இல் ஆங்கிலேயரால் முடி பறிக்கப்பட்டு, வேலூர்க் கோட்டைக்கு நாடு கடத்தப்பட்டு, அங்கேயே 1832இல் மாண்டான். வாவியைத் தோண்டியவர்களோ இராஜகாரிய முறையின் கீழ்க் கூலியின்றி உழைத்த குடியானவர்கள். கட்டுவித்தவன் பெயரைக் கல்வெட்டும் நூலும் கூறும். வெட்டியவன் பெயரை நீர்தான் அறியும்.

அந்த வாவியின் நீர் உலகப் புகழ் வாய்ந்தது. 1988 முதல் உலக மரபுரிமைச் சொத்தாகிய புனித நகரின் முகக்கண்ணாடி அது. வெளிநாட்டுப் பயணிகள் அதன் கரையில் நின்று படமெடுக்கின்றனர். ஆனால் வாவியின் கட்டைக் கடந்து மெத எலயாக இறங்கிய மறுகணமே அந்த நீரை எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கடைகளின் கழிவும், உணவுச்சாலைகளின் எண்ணெயும், மலகூடக் குழாய்களின் ஒழுக்கும், பொலித்தீனும் அதனோடு சேர்கின்றன. ஒரே நீர்தான், மேலே பூசனை, கீழே புறக்கணிப்பு!

அந்த நீர் எங்கே செல்கின்றது? கெட்டம்பைக்குச் செல்கின்றது. எசல பெரஹரா முடிவில், நான்கு தேவாலயங்களின் கபுறாளைமார் வாளால் நீரை வெட்டி, அந்த நீரைக் குடங்களில் நிரப்பி அடுத்த ஆண்டு வரை பேணுவதும் கெட்டம்பையிலேதான். அங்கிருந்து திரும்பும் தேவாலய ஊர்வலங்கள் கட்டுக்கலைப் பிள்ளையார் கோவிலில் தங்கிச் செல்வதும் மரபு. சிங்களவரும் தமிழரும் ஒருசேரப் புனிதமெனப் போற்றும் அந்த ஆற்றிலேதான் எமது நகரம் தன் அழுக்கைக் கொட்டுகின்றது. இன்னும் கேளுங்கள்: கெட்டம்பையைக் கடந்த மகாவலி, கன்னொறுவையைச் சுற்றிக் கட்டுகஸ்தோட்டைப் பக்கம் செல்கின்றது. அங்கே கொண்டதெனியவில் அந்த ஆற்றிலிருந்து நீரெடுத்துச் சுத்திகரித்துத்தான் கண்டியிலும் சுற்றுப்புறங்களிலும் பல்லாயிரம் வீடுகளுக்குக் குடிநீர் அனுப்பப்படுகின்றது. காலையில் நாம் ஓடையில் எறிந்ததை மாலையில் நாமே விலை கொடுத்துச் சுத்தம் செய்து பருகுகின்றோம்.

இங்கேதான் நீர்நாயின் சாட்சியம் வேண்டப்படுகின்றது. மீனில்லாத நீரில் நீர்நாய் வாழாது; உயிர்க்காற்று இல்லாத நீரில் மீன் வாழாது; கழிவு அழுகும் நீரில் உயிர்க்காற்று நில்லாது. ஆகவே ஓர் ஓடையில் நீர்நாய் நடமாடுகிறதென்றால், அந்த ஓடைக்கு அதனைவிட நம்பத்தக்க நற்சான்றிதழை எந்த இரசாயனச் சாலையும் வழங்கவியலாது. அது விலகிச் சென்றுவிட்டதென்றால், அந்த நீரருகே பிள்ளை பெற்று வளர்க்கும் தாய்மார்க்கு அதனைவிடத் தெளிவான எச்சரிக்கையும் வேறில்லை. சாட்சியைக் கொன்றுவிட்டு வழக்கை முடித்துவிட்டதாகக் கூறும் குற்றவாளியைப் போல, ஓடையின் உயிர்களை ஒழித்துவிட்டு ஓடையைத் திருத்திவிட்டதாகக் கூறுவோரும் உளர்.

யப்பானிய உதவிக் கடனுடன் 2010இல் தொடங்கிய கண்டி நகரக் கழிவுநீர்த் திட்டத்தின்படி, கன்னொறுவையில் சுத்திகரிப்பு நிலையம் அமைந்திருக்கின்றது. நல்ல காரியம், வரவேற்கிறோம். ஆனால் நிலையம் ஆற்றங்கரையில் நின்றால் மட்டும் போதாது. கழிவை இடும் ஒவ்வொரு கட்டிடத்தின் குழாயும் அதனைச் சென்றடைய வேண்டும். எந்தக் கட்டிடம் இணைந்தது, எது இன்னும் கால்வாயிலேயே கொட்டுகின்றது என்னும் பட்டியலைக் கேட்க, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் ஒவ்வொரு குடிமகனுக்கும் வழிவிட்டிருக்கின்றது. இலவசமாகக் கிடைத்த ஆயுதம் உறையிலேயே துருப்பிடிக்கின்றது.

அகற்றுதல் என்னும் வைத்தியம்

2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயல், கண்டி மாவட்டத்தை எவ்வாறு குலைத்தது என்பதை எவர்க்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. மலை சரிந்தது, ஆறு பெருகியது, மாண்டோரை ஊர் ஊராக எண்ணினோம். அதன்பின் வெள்ளத்தடுப்பு என்ற சொல்லுக்கு எவரும் மறுப்புக் கூறத் துணியார். கூறவும் வேண்டியதில்லை. ஆனால் வெள்ளத்தடுப்பு என்ற பெயரால் என்ன செய்யப்படும் என்று முன்கூட்டியே கேட்க வேண்டும். ஓடையைச் சுவருக்குள் அடைத்து நேராக்கினால் நீர் விரைந்தோடும். மேலே இருப்பவன் தப்புவான். கீழே இருப்பவன் மூழ்குவான். நீர் பரந்து நின்று ஆறுவதற்கு இடம்விட்ட ஓடைதான் கீழூரையும் காக்கும். அந்தச் சிறு ஈரநிலமே மீனுக்கும் கொக்குக்கும் நீர்நாய்க்கும் வீடு. ஆகவே பிராணியைக் காக்கும் ஏற்பாடும் மனிதனைக் காக்கும் ஏற்பாடும் இங்கே இரண்டல்ல.

ஈரநிலத்துக்கு இடம்விட வேண்டுமென்றால் கரையோரக் குடிசைகளைத்தானே அகற்றவேண்டும் என்று உடனே ஒரு குரல் எழும். அந்தக் குரலையே நாம் அஞ்சுகின்றோம். ஆற்றின் கையிலிருந்து நிலத்தைப் பறித்தவை குடிசைகள் மட்டுமா? மாடிக் கட்டிடங்களும் வாகனத் தரிப்பிடங்களும் கால்வாயின் விளிம்புவரை வரவில்லையா? சட்டம் பேசும்பொழுது ஏன் எப்பொழுதும் தகரக் கூரையிலிருந்தே தொடங்குகின்றது?

அகற்றுதல் என்ற சொல்லின் கனத்தை மலைநாட்டுத் தமிழர் அறிந்த அளவுக்கு இந்த நாட்டில் வேறெவரும் அறியார். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் எம்மவரை ஒரே நாளில் நாடற்றோராக்கிற்று. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்றும், 3,00,000 பேருக்கு இந்த நாட்டுப் பிரசாவுரிமை வழங்குவதென்றும், எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர் பார்த்துக்கொள்வதென்றும் கணக்கெழுதிற்று. அந்த மக்களிடம் கேட்டாரில்லை. மனிதரையும் விலங்கையும் ஒரு தராசில் இட்டு நாம் இதனைக் கூறவில்லை. அஃது எம்மவர்க்கு இழுக்காகும். நாம் சுட்டுவது ஆள்வோரின் பழக்கத்தை. சிக்கலான ஒன்று எதிர்ப்படுமாயின், அதனோடு வாழும் வழியை ஆராயாமல், அதனை வேறிடத்துக்கு அனுப்பிவிட்டால் தீர்ந்தது என எண்ணும் பழக்கம் அது. குரங்கைச் சீனாவுக்கு அனுப்பு; குடிசையை ஊரெல்லைக்கு அனுப்பு; ஓடையை மண்ணுக்கடியில் அனுப்பு! இந்தப் பழக்கத்தை எங்கே கண்டாலும் எதிர்ப்பது எம்மவர் கடமை. ஏனெனில், அதனால் நேரும் துன்பம் எத்தகையதென்பதை எம்மவர் அனுபவித்தே அறிந்தவர்.

இன்னுமொன்று. இந்த நகரின் வடிகான்களைத் துப்புரவாக்கும் கைகள் யாருடையவை? ஆங்கிலேயர் காலத்தில் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டு, மஹியாவையில் குடியமர்த்தப்பட்ட நகரசுத்தித் தொழிலாளரின் வழித்தோன்றல்களும் அவர்களுட் பலர். நகரமே கைவிட்ட நீரில் இறங்கி நிற்பவர் அவர். ஓடை நாறினால் மற்றவர் மூக்கைப் பொத்திக்கொண்டு செல்வர். தொழிலாளிக்குப் பொத்திக்கொள்ளக் கை ஏது? ஆகவே மெத எல தூயதாக வேண்டும் என்ற கோரிக்கையில் முதற் கையொப்பம் இடும் உரிமை அவருடையது.

செய்யத்தக்கது யாது?

மார்ட்டினேஸ் மக்கள் பரிகாரத்தோடு சபைக்குச் சென்றனர் என்றோம். நாமும் வெறுங்கையோடு செல்லலாகாது. மாநகரசபையின் முன் வைக்கத்தக்க கோரிக்கைகள் ஐந்து.

முதலாவது, வாவிக் கட்டிலிருந்து கெட்டம்பை வரை மெத எலயில் திறக்கும் ஒவ்வொரு குழாயையும் கணக்கெடுத்து, அஃது எந்தக் கட்டிடத்துக்குரியது என்ற பட்டியலை மூன்று மொழிகளிலும் வெளியிட வேண்டும். பெரிய கட்டிடம், அரச கட்டிடம் என்ற விலக்கு எதுவும் கூடாது.

இரண்டாவது, கால்வாயில் சுவர் எழுப்புவதாயினும், மூடுவதாயினும், இயந்திரத்தால் தூர் வாருவதாயினும், வேலை தொடங்குமுன் திட்டத்தை வெளியிட்டு மக்களின் ஆட்சேபங்களைக் கேட்க வேண்டும். கூப்பிடு தூரத்திலேயே பேராதனைப் பல்கலைக்கழகம் இருக்கின்றது. அங்குள்ள விலங்கியலாளரைக் கொண்டு, ஓடையிலும் கரையிலும் என்னென்ன உயிர்கள் வாழ்கின்றன என்று முதலில் ஆராயச் செய்ய வேண்டும்.

மூன்றாவது, உடவத்தைக் காடும், மாநகரசபைக்குரிய துனுமடலாவைக் காடும், வாவியும், மெத எலயும், மகாவலியும் ஒரே நீரின் பல நிலைகள் எனக் கொண்டு, அவற்றைச் சேர்த்தே திட்டம் வகுக்க வேண்டும். தலையைக் காத்துக் காலை வெட்டும் வைத்தியம் வேண்டாம்.

நான்காவது, ஆபத்தான கரையிலிருந்து ஒரு குடும்பம் இடம்பெயர வேண்டியது தவிர்க்கவியலாததாயின், அந்தக் குடும்பத்துக்குத் தொழிலிடத்துக்கும் பாடசாலைக்கும் அண்மையில் உறுதியான வீடும் உறுதிப் பத்திரமும் கையில் கொடுக்கப்பட்ட பின்னரே பழைய வீட்டில் கைவைக்க வேண்டும்.

ஐந்தாவது, கால்வாயில் இறங்கும் தொழிலாளிக்குக் கையுறையும் காலணியும் இயந்திரமும் நிரந்தர நியமனமும் வழங்க வேண்டும்.

இவை சபைக்கு. மக்களுக்கோ ஒன்றே கூறுவோம். பாடசாலை மாணவரும், கோவில் விகாரை பள்ளிவாசல் ஆகியவற்றின் பரிபாலகரும், சந்தை வியாபாரிகளும், தொழிற்சங்கத்தாரும் தத்தம் பகுதியில் ஓடும் கால்வாயின் துண்டுக்குத் தாமே காவலர் என்று உறுதி கொள்ள வேண்டும். எறிவதை நிறுத்துவோம், எறிவோரைத் தட்டிக் கேட்போம், காணும் உயிர்களை நாளும் இடமும் குறித்துப் பதிவோம். அந்தக் குறிப்பேடு ஒரு நாள் நீதிமன்றிலே ஆவணமாகும். அடிப்படை உரிமை மீறலுக்கு ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்துக்கு மனுச் செய்ய வேண்டும் என்பது 126ஆம் உறுப்புரையின் விதி. சான்றை முன்னரே திரட்டி வைத்திராதவன் அந்த முப்பது நாளில் எதனையும் நிரூபிக்கமாட்டான்.

தமிழர் தனித்துச் செய்து முடிக்கும் காரியமன்று இது. சிங்களவரும் முஸ்லிம்களும் தமிழரும் ஒரே ஆற்று நீரைப் பருகும் நகரம் இது. எத்தனையோ வழக்குகளில் எதிரெதிர்ப் பக்கங்களில் நிற்கும் எமது மூன்று சமூகங்களும் ஒரே பக்கத்தில் நின்று வாதாடக்கூடிய வழக்கொன்று கெட்டம்பையை நோக்கி ஓடிக்கொண்டிருக்கின்றது. அதனைச் சாக்கடை என்று அழைப்பதை இன்றே நிறுத்துவோம். மாநகரசபையின் அடுத்த கூட்டத்துக்கு இந்த ஐந்து கோரிக்கைகளையும் ஆயிரம் கையொப்பங்களோடு எடுத்துச் செல்வோம். முதற் கையொப்பம் மஹியாவையிலிருந்து வரட்டும்.